பரிசோதனைச் சாலையும் தார்ச் சாலையும்

“எவ்வளவு கொடுக்கிறது?” கார் வாங்கப் புகும் நம் நாட்டவர் முதலிற் கேட்கும் கேள்வி இதுதான். வண்டியின் வேகத்தையும் வலிமையையும் பற்றிய விசாரணை பிறகே வருகிறது. லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்று தெரிந்துகொண்ட பின்னரே கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்க்கிறார்கள். மைல் கணக்கு நம் சாலைகளை விட்டுப் போய் ஒரு தலைமுறைக்கு மேலாகியும், ‘மைலேஜ்’ என்னும் சொல் நம் பேச்சை விட்டுப் போகவில்லை. இக்கேள்வியின் செல்வாக்கை நன்குணர்ந்த கார்க் கம்பெனி ஒன்று, ஹிந்தியில் அதையே தன் விளம்பர வாசகமாக்கி வியாபாரம் செய்ததும் உண்டு.

இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை எவ்வளவு மெய்யானது என்பதை ஆராய்வதே இன்று நமது நோக்கம். ஆராய்ச்சிக்குச் சிறு டீசல் காரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டோம். இந்த ஒரே எண்ணை நம்பி இதைப்போல் விற்பனையான வண்டி வேறில்லை. அதன் வரவும் ஆட்சியும் வீழ்ச்சியும் நம் கண் முன்னரே நடந்தேறின. வாத பிரதிவாதங்களின் சூடு தணிந்துவிட்டபடியால், சாட்சியங்களை நிதானமாகப் பரிசீலிக்க இது தக்க சமயமாகும்.

1998-ஆம் ஆண்டின் இறுதியில் டாட்டா கம்பெனியார் இண்டிகா காரை வெளியிட்டனர். டீசல் என்றால் லாரியும் ஜீப்பும் என்றிருந்த நிலை அதனுடன் மாறிற்று. 2007-இல் மாருதி கம்பெனியாரின் ஸ்விப்ட் கார், இத்தாலிய பியட் கம்பெனியார் வகுத்த 1,248 ஸி.ஸி. டீசல் எஞ்சினுடன் வந்தது. அதே எஞ்சின் பல கம்பெனிகளின் பல கார்களில் குடியேறியது. 2012–13-ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனையான பயணிகள் கார்களில் பாதிக்கு மேற்பட்டவை டீசல் கார்களாயிருந்தன. 2015-இல் இரண்டே சிலிண்டர்களும் 793 ஸி.ஸி. கொள்ளளவும் உடைய டீசல் எஞ்சினைக்கூட ஒரு சிறு காரில் பொருத்திப் பார்த்தார்கள். 2020 ஏப்ரல் முதல் தேதியன்று பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி அமுலுக்கு வந்தபோது, மாருதி கம்பெனியார் டீசல் கார் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களிற் பெரும்பாலோரும் சிறு கார்களில் டீசலைக் கைவிட்டனர்.

புதிய வண்டிகளின் வரவு ஏறக்குறைய நின்றுவிட்டாலும், பழையவை இன்னும் ஓடுகின்றன. டாக்ஸி நிலையங்களிலும், பழைய கார் வியாபாரிகளின் கொட்டகைகளிலும், சிற்றூர் வாடகை வண்டிப் பேட்டைகளிலும் அவற்றைக் காணலாம். இருபது வருஷ காலத்தில் அவற்றை வாங்கியவர்கள் எந்த எண்ணை நம்பினார்களோ, அந்த எண்ணை உண்டாக்கும் முறை இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

எண் பிறக்கும் இடம்

ஸ்விப்ட் டீசல் காருக்கு 2011-இல் அளிக்கப்பட்ட சான்றெண் லிட்டருக்கு 22.9 கிலோ மீட்டர். 2014-இல் அது 25.2 ஆயிற்று. 2018-இல் 28.4 ஆயிற்று. எஞ்சின் அடிப்படையில் ஒன்றேதான். வண்டியின் எடை குறைந்தது, சீர்திருத்தங்கள் சில நடந்தன என்பவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும், சாலையில் அந்த எஞ்சினுடன் பழகிய எவரும் 28 என்னும் எண்ணைத் தம் அன்றாட ஓட்டத்தில் கண்டதாகச் சொல்லக் கேட்பது அரிது. அப்படியானால் இந்த எண் எங்கே பிறக்கிறது?

அது சாலையில் பிறப்பதன்று. பரிசோதனைச் சாலையில் பிறக்கிறது. வண்டியை ஓர் அறைக்குள் கொண்டுபோய், அதன் சக்கரங்களை இரும்பு உருளைகளின் மேல் நிறுத்துகிறார்கள். காற்றின் தடையையும் தரையின் தடையையும் முன்கூட்டியே கணக்கிட்டு, அவ்வளவு பாரத்தை உருளைகளுக்கு ஏற்றுகிறார்கள். எஞ்சின் சூடாகாமலிருக்க எதிரே ஒரு விசிறி சுழல்கிறது. திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து, அந்தக் கோட்டின் வேகத்திற்கு ஒத்தவாறு ஓட்டுநர் வண்டியை ஓட்டுகிறார். மொத்தம் 1,180 விநாடிகள், அதாவது இருபது நிமிஷத்திற்கும் குறைவு. 195 விநாடி கொண்ட நகர ஓட்டம் நான்கு முறை. பின்னர் 400 விநாடி கொண்ட வெளியூர் ஓட்டம் ஒரு முறை. ஐரோப்பாவில் வழங்கிய பழைய முறையில் வெளியூர் ஓட்டத்தின் உச்ச வேகம் மணிக்கு 120 கிலோ மீட்டர். நம் நாட்டிற்கென்று திருத்தியபோது அதை 90 ஆகக் குறைத்துக்கொண்டார்கள்.

இம்முறையின் சாந்த குணத்துக்கு ஓர் உதாரணம் கூறுவோம். நகர ஓட்டத்தின் ஒரு பகுதியில், நின்ற நிலையிலிருந்து 50 கிலோ மீட்டர் வேகத்தை எட்டுவதற்கு 26 விநாடிகள் அளிக்கப்படுகின்றன. சென்னை அண்ணா சாலையில் பச்சை விளக்கு எரிந்த பின்னர் ஒருவர் அவ்வளவு நிதானமாகக் கிளம்புவாரானால், பின்னால் நிற்பவர்களின் ஹாரன் ஓசை அவர் காதைத் துளைத்துவிடும். ஏ.ஸி. இயந்திரம் அணைந்திருக்கிறது. அறையின் உஷ்ணம் 20 முதல் 30 டிகிரிக்குள் வைக்கப்படுகிறது. மேடில்லை, பள்ளமில்லை, எதிர்க்காற்றில்லை, வேகத்தடையில்லை. பின் ஆசனத்தில் மூவரும், டிக்கியில் கல்யாணச் சாமான்களும் இல்லை.

செலவான எண்ணெயையும் பாத்திரத்தில் அளப்பதில்லை. புகைக்குழாயின் வழியே வெளிவந்த கரியின் அளவைக் கண்டு, அவ்வளவு கரிக்கு எவ்வளவு எண்ணெய் எரிந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். இது விஞ்ஞான ரீதியில் பிழையற்ற முறையே. இதிற் குறை காண்பது நம் நோக்கமன்று.

ஆகவே இந்த எண் பொய்யென்று நாம் கூறவில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான விடைதான். ஆனால் நாம் கேட்டது அந்தக் கேள்வியன்று. குறித்த அறையில், குறித்த இருபது நிமிஷத்தில், குறித்த கோட்டின்படி ஓடினால் எவ்வளவு செலவாகும் என்பது அங்கே கேட்கப்படுகிறது. என் ஊரில், என் சாலையில், என் குடும்பத்துடன் ஓடினால் எவ்வளவு செலவாகும் என்பதே வாங்குபவரின் கேள்வி. முன்னதற்குரிய விடையைப் பின்னதற்கு விடையாக விளம்பரத்திற் பெரிய எழுத்தில் அச்சிடுவதுதான் குற்றம். “1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆவது விதியின் கீழ்ச் சான்றளிக்கப்பட்டது” என்று அடியிற் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். விதியின் இலக்கத்தைச் சொல்பவர்கள், அவ்விதியின்படி சோதிக்கும்போது ஏ.ஸி. அணைந்திருந்தது என்பதைச் சொல்வதில்லை.

தார்ச் சாலையின் கணக்கு

சாலையில் உண்மை அளவைக் காண்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தொட்டி வழிய எண்ணெய் நிரப்பி, கிலோ மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, சில நூறு கிலோ மீட்டர் ஓடிய பின்னர் அதே பங்கில் மீண்டும் தொட்டி வழிய நிரப்பினால் போதும். ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். ஒரு தடவை செய்து முடிவுக்கு வருவது தவறு. பத்துத் தடவை செய்து சராசரி காண்பதே முறை.

இவ்வாறு கணக்கு வைத்தவர்கள் கண்ட பொது உண்மைகள் சில உள்ளன. சிறு டீசல் கார் நெடுஞ்சாலையில் 80 கிலோ மீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது சான்றெண்ணுக்கு அருகே வருகிறது. வேகம் 100-ஐத் தாண்டினால் விலகிப் போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வதே அதற்குக் காரணம். நகர நெரிசலிலோ வேறொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. டர்போ பொருத்திய சிறு டீசல் எஞ்சின், நிமிஷத்திற்கு ஏறத்தாழ 2,000 சுற்றுக்குக் கீழே சோம்பிக் கிடக்கும். அதற்கு மேலே திடீரென்று விழித்துக்கொள்ளும். நெரிசலில் ஊர்ந்து செல்பவர் அந்தச் சோம்பலைத் தவிர்க்கக் கீழ்க் கியரிலேயே ஓட்டுகிறார். ஏ.ஸி.யும் ஓடுகிறது. தினந்தோறும் நாலைந்து கிலோ மீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், எஞ்சின் தக்க சூட்டை அடையுமுன்பே பயணம் முடிந்துவிடுகிறது.

மற்றுமொன்று: வண்டி நிற்கும்போது எஞ்சின் தானே அணைந்து, கிளம்பும்போது தானே உயிர்பெறும் ஏற்பாடு பிற்காலத்தில் வந்தது. பரிசோதனையின் நகர ஓட்டத்தில் ஒவ்வொரு 195 விநாடியிலும் 60 விநாடி வண்டி நின்றுகொண்டிருக்கிறது. எனவே இந்த ஏற்பாடு சான்றெண்ணை நன்றாக உயர்த்திக் காட்டும். சித்திரை வெயிலில், ஏ.ஸி. ஓட வேண்டிய கட்டாயத்தில், அந்த எஞ்சின் எத்தனை தடவை அணையும் என்பதை அநுபவஸ்தர்கள் அறிவார்கள்.

லிட்டர் என்னும் படி

டீசல் எஞ்சின் இயல்பிலேயே சிக்கனமானது என்பது உண்மை. அது காற்றைப் பெட்ரோல் எஞ்சினைவிட மிகுதியாக அழுத்துகிறது. காற்று புகும் வழியை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் வீண்செலவும் அதில் இல்லை. குறைந்த பாரத்தில், அதாவது நகரத்தில் ஊரும்போது, இந்த நன்மை மிகுதியாகத் தெரியும்.

ஆனால் நாம் கவனிக்க மறந்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலும் ஒரு லிட்டர் பெட்ரோலும் சமமான பொருள்கள் அல்ல. டீசல் கனமானது, லிட்டருக்கு லிட்டர் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் அதில் எடையும் எரிசக்தியும் அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தாலோ ஏறத்தாழ 2.6 கிலோ. ஆகையால் பெட்ரோல் காரின் ‘லிட்டருக்கு 15’ என்பதையும் டீசல் காரின் ‘லிட்டருக்கு 18’ என்பதையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது, ஓர் ஊர்ப் படியால் அளந்த நெல்லையும் பெரிய படி வழங்கும் வேறோர் ஊரில் அளந்த நெல்லையும் ஒன்றென்று கொள்வதை ஒக்கும். லிட்டர்க் கணக்கில் நூற்றுக்கு 20 பங்கு அதிகமாகத் தோன்றும் அந்தச் சிக்கனம், கரியமில வாயுக் கணக்கில் கிலோ மீட்டருக்கு 153 கிராமுக்குப் பதிலாக 144 கிராம் என்று சுருங்கிவிடுகிறது.

யார் கொடுத்த சிக்கனம்?

இனி, பணக் கணக்குக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் நீக்கிவிட்டனர். டீசல் விலைக் கட்டுப்பாடு மட்டும் தொடர்ந்தது. உழவனின் பம்பும், சரக்கு லாரியும், பிரயாணிகள் பஸ்ஸும் டீசலில் ஓடுகின்றன. அதன் விலை ஏறினால் அரிசி விலையும் ஏறும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தில் உண்மையுண்டு. 2012 மே மாத இறுதியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73.18 ரூபாய்க்கும், டீசல் 40.91 ரூபாய்க்கும் விற்றன. வித்தியாசம் 32 ரூபாய்க்கு மேல்!

ஒருவர் வருஷத்திற்கு 10,000 கிலோ மீட்டர் ஓட்டுகிறார் என்றும், சாலையில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15-ம் டீசல் கார் 18-ம் கொடுக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அன்றைய விலையில் பெட்ரோல் செலவு ஏறத்தாழ 48,800 ரூபாய். டீசல் செலவு 22,700 ரூபாய். மிச்சம் 26,100 ரூபாய். டீசல் காருக்கு ஒரு லட்ச ரூபாய் அதிகம் கொடுத்திருந்தால், நான்கு வருஷத்திற்குள் அதை மீட்டுவிடலாம். வாங்கியவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

ஆனால் இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? இரண்டு எண்ணெய்களும் ஒரே விலைக்கு விற்றிருந்தால், எஞ்சினின் சிக்கனத்தால் மட்டும் கிடைத்திருக்கக் கூடியது ஏறத்தாழ 8,100 ரூபாய்தான். எஞ்சிய 18,000 ரூபாயும் விலை வித்தியாசத்தின் விளைவு. பத்தில் மூன்று பங்கு எஞ்சினியரின் சாமர்த்தியம். ஏழு பங்கு பொது மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு காத்துவந்த விலைச் சலுகை. உழவனின் பெயரைச் சொல்லிக் கொடுத்த சலுகையில் ஒரு பங்கு, காரின் தொட்டியில் போய்ச் சேர்ந்தது.

2013 ஜனவரி முதல் டீசல் விலையை மாதந்தோறும் அரை ரூபாய் அளவில் உயர்த்தத் தொடங்கினர். 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுவதும் நீங்கிற்று. அதன் பின்னர் டீசல் கார்களின் விற்பனைப் பங்கு வருஷத்திற்கு வருஷம் சரிந்தது. எஞ்சின் மாறவில்லை, சாலை மாறவில்லை, சான்றெண் உயர்ந்துகொண்டேதான் போயிற்று. மாறியது விலை ஒன்றே. பெட்ரோல் 100 ரூபாயும் டீசல் 92 ரூபாயும் என்று வைத்து மேற்படி கணக்கையே மீண்டும் போட்டால், ஆண்டு மிச்சம் 15,600 ரூபாயாகவும், அந்த ஒரு லட்சத்தை மீட்கும் காலம் ஆறரை வருஷமாகவும் ஆகிவிடுகின்றன.

சலுகையின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2012 ஜூன் மாதத்தில், உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று தீர்ப்புக் கூறினர். அக்காலத்தில் வழங்கிய பாரத் ஸ்டேஜ் 4 விதியோ, பெட்ரோல் காருக்கு அனுமதித்ததைப்போல் மூன்று மடங்கு நைட்ரஜன் ஆக்ஸைடு விஷ வாயுக்களை டீசல் காருக்கு அனுமதித்திருந்தது. சிக்கனத்தின் விலையைக் காரில் ஏறாதவர்களும் தம் மூச்சினால் கொடுத்து வந்தார்கள்.

பிற தேசங்களின் அநுபவம்

பரிசோதனைக்கும் சாலைக்கும் உள்ள இந்தப் பிளவு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. நாம் பின்பற்றிய பரிசோதனைக்குத் தாயகமான ஐரோப்பாவிலேயே இது வெளியாயிற்று. சுத்தப் போக்குவரத்துக்கான சர்வதேசக் கவுன்சில் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம், ஆயிரக்கணக்கான கார்களின் சாலைக் கணக்கைத் திரட்டி, 2001-இல் நூற்றுக்கு 9 பங்காயிருந்த வித்தியாசம் 2015-இல் 42 பங்காக வளர்ந்துவிட்டதென்று காட்டியது. கார்கள் சாலைக்கென்று சீர்திருந்தியதைவிடப் பரிசோதனைக்கென்று மிகுதியாகச் சீர்திருந்தின என்பதே இதன் பொருள். கேள்வித்தாளை முன்னரே அறிந்த மாணவனின் மார்க்கு வருஷந்தோறும் ஏறுவதில் வியப்பென்ன?

2015 செப்டம்பர் 18-ஆம் தேதி அமெரிக்க அதிகாரிகள் வெளியிட்ட நோட்டீஸ், இதன் கடைசி எல்லையை உலகுக்குக் காட்டிற்று. வோக்ஸ்வேகன் கம்பெனியாரின் டீசல் கார்கள், தாம் பரிசோதிக்கப்படுவதைத் தாமே உணர்ந்து, அப்போது மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. உலகமெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளில் அந்த ஏற்பாடு இருந்ததாகக் கம்பெனியாரே ஒப்புக்கொண்டனர். அந்த மோசடி விஷப் புகையைப் பற்றியது, மைலேஜைப் பற்றியதன்று. ஆயினும் பாடம் ஒன்றே. அறைக்குள் மட்டும் அளந்தால் அறைக்குள் மட்டுமே ஒழுக்கம் இருக்கும்.

அதற்குப் பிறகு ஐரோப்பியர்கள் சும்மா இருக்கவில்லை. 2017 செப்டம்பரில் கடுமையான புதிய பரிசோதனையைப் புகுத்தினர்; அது 30 நிமிஷம், 23 கிலோ மீட்டர், 131 கிலோ மீட்டர் உச்ச வேகம் கொண்டது. அத்துடன் நில்லாமல், 2021 முதல் விற்கும் ஒவ்வொரு புதிய காரும் தன் ஆயுள் முழுவதும் குடித்த எண்ணெயையும் ஓடிய தூரத்தையும் தானே குறித்து வைக்கும்படி விதித்தனர். அக்குறிப்புகளைத் திரட்டி ஐரோப்பியக் கமிஷன் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, புதிய பரிசோதனைக்குப் பின்னரும் பெட்ரோல், டீசல் கார்கள் சான்றெண்ணைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அதிகம் குடிப்பதைக் காட்டியது. மின்சாரமும் பெட்ரோலும் கலந்து ஓடும் பிளக்-இன் வகைக் கார்களோ சராசரியாக மூன்றரை மடங்கு புகை விடுகின்றன!

அமெரிக்காவில் 2008-ஆம் வருஷ மாடல் முதல், வெயிலில் ஏ.ஸி. போட்டு ஓட்டுதல், குளிரில் ஓட்டுதல், மிகு வேகத்தில் ஓட்டுதல் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணையே காரின் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். மைலேஜை மிகைப்படுத்திக் கூறியதற்காக ஹூண்டாய், கியா கம்பெனிகள் 2014-இல் 10 கோடி டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டன. மைலேஜ் எண்ணை வியாபாரப் புகழ்ச்சியாக அந்த தேசம் கருதவில்லை, வாக்குமூலமாகக் கருதுகிறது.

ஒரு டாக்ஸி ஓட்டுநரின் நஷ்டம்

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் கவலை என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் ஒரு டாக்ஸி ஓட்டுநரின் நிலையை எண்ணிப் பார்க்கட்டும். கடன் வாங்கிச் சிறு டீசல் கார் ஒன்றை வாங்கி, நாளொன்றுக்கு 150 கிலோ மீட்டர் ஓட்டுகிறார். 22.9 என்னும் சான்றெண்ணை நம்பிக் கணக்கிட்டால் நாளுக்கு ஆறரை லிட்டர் போதும். நகரத்தில் ஏ.ஸி. போட்டு ஓடி, சவாரிக்காகக் காத்து நின்று, அவருக்குக் கிடைப்பது லிட்டருக்கு 16 தான் என்றால், ஒன்பதே கால் லிட்டருக்கு மேல் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால் நாளுக்கு 260 ரூபாய், மாதத்தில் 25 நாள் ஓட்டத்துக்கு 6,500 ரூபாய் கணக்கில் வராத செலவு. கடன் கொடுத்தவர் தவணையைச் சாலை மைலேஜுக்கு ஏற்பக் குறைப்பதில்லை. குறைவது ஓட்டுநரின் வீட்டுச் சாப்பாடும், குழந்தைகளின் படிப்புமே. பழைய காராக இரண்டாம் கையில் வாங்குபவருக்கும் அதே சான்றெண்தான் சொல்லப்படுகிறது.

ஆட்சேபணைகள்

நமது வாதத்திற்கு எதிராக இரண்டு ஆட்சேபணைகள் கூறப்படுவதுண்டு. சாலைகள் வேறு, ஓட்டுநர்கள் வேறு, பாரம் வேறு. ஆகவே உண்மையான மைலேஜ் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது முதலாவது. மனிதரின் ஆயுளும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அதனால் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சராசரி காணாமலிருக்கின்றனவா? பத்தாயிரம் வண்டிகளின் கணக்கைத் திரட்டினால், இந்த மாடல் நகரத்தில் இத்தனை முதல் இத்தனை வரை, நெடுஞ்சாலையில் இத்தனை முதல் இத்தனை வரை என்று நேர்மையாகக் கூற முடியும்.

சான்றெண் மிகையாயிருந்தாலும் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவுகோலாயிருப்பதால், ஒன்றோடொன்றை ஒப்பிட அது போதும் என்பது இரண்டாவது. மிகை எல்லாவற்றிற்கும் ஒரே அளவாயிருந்தால் இவ்வாதம் செல்லும். ஒரு வகைக் காருக்கு ஐந்திலொரு பங்கும் மற்றொரு வகைக்கு மூன்றரை மடங்கும் வித்தியாசம் என்று ஐரோப்பிய அறிக்கை காட்டிய பின்னர், அந்த அளவுகோலே கோணல் என்பது வெளிப்படை. கோணல் அளவுகோலைக் கொண்டு நேர்கோடு வரைய முடியாது.

செய்ய வேண்டியது யாது?

உலகப் பொதுப் பரிசோதனை முறைக்கு மாறும் யோசனை நம் நாட்டிலும் எழுந்துள்ளது. அதை வரவேற்கிறோம். ஆயினும் அது மட்டும் போதாதென்பதற்கு ஐரோப்பாவே சாட்சி. 2023 ஏப்ரல் முதல், கார்களின் விஷப் புகையைச் சாலையிலும் அளக்க வேண்டுமென்று நம் சர்க்காரே விதித்திருக்கிறார்கள். அதற்காக வண்டியின் பின்புறம் கட்டும் கருவி கரியமில வாயுவையும் அளக்கிறது. அதிலிருந்து எண்ணெய்ச் செலவைக் கணக்கிடுவது, பரிசோதனை அறையில் செய்யும் அதே கணக்குத்தான். புகையைச் சாலையில் அளக்கத் தெரிந்த நமக்கு எண்ணெயை அளக்கத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டுவன மூன்று. நகரத்துக்கு ஓர் எண்ணும் நெடுஞ்சாலைக்கு ஓர் எண்ணுமாக, ஏ.ஸி. போட்டு ஓட்டிய சாலை அளவைச் சான்றெண்ணுக்குப் பக்கத்தில் அதே எழுத்தளவில் அச்சிடும்படி விதிக்க வேண்டும். புதிய கார்கள் தம் எண்ணெய்ச் செலவைத் தாமே குறித்து வைக்கச் செய்து, டாக்ஸிகள் தகுதிச் சான்றிதழுக்கு வரும்போது அக்குறிப்பை எடுத்து, உரிமையாளரின் பெயரை நீக்கிவிட்டு, மாடல்வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூன்றாவதாக, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஏற்பட்டிருக்கும் மத்திய அதிகார சபை, தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரங்களுக்குப் பத்து லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க அதிகாரம் பெற்றிருக்கிறது. பொடி எழுத்துக்குள் ஒளிந்துகொள்ளும் மைலேஜ் விளம்பரங்களின் மேல் அந்த அதிகாரத்தைச் செலுத்த வேண்டும். சட்டம் இல்லையென்று குறைகூற இடமில்லை. அதைக் கையாளும் மனமே தேவை.

பொது ஊழியத்தில் ஈடுபட்ட நண்பர்களுக்கும் இதில் கடமை உண்டு. ஓட்டுநர் சங்கங்களும் நுகர்வோர் சங்கங்களும், ஊருக்கு ஐம்பது வண்டிகளின் எண்ணெய்க் கணக்கை ஒரு வருஷம் ஒழுங்காக எழுதி வைத்தால், அதுவே சர்க்காரின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் மறுக்க முடியாத சாட்சியமாகும். ஆத்திரத்துடன் எழுதிய நூறு கடிதங்களைவிடத் தேதியுடன் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் வலியது.

சிறு டீசல் காரின் காலம் முடிந்திருக்கலாம். ஆனால் மின்சாரக் கார் வந்துவிட்டது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் இத்தனை நூறு கிலோ மீட்டர் ஓடும் என்று விளம்பரங்கள் கூறத் தொடங்கிவிட்டன. அந்த எண்ணும் ஏதோ ஓர் அறையில், உருளைகளின் மேல் பிறந்ததுதான். பெட்ரோல் தீர்ந்தவர் அடுத்த பங்குக்கு நடந்து போகலாம். மின்சாரம் தீர்ந்தவர் நடுவழியில் நிற்க வேண்டியதே. டீசல் காரிடம் இருபது வருஷமாக ஏமாந்த நாம், அடுத்த இருபது வருஷத்திற்கு முன்னதாகவே கேள்வியைத் திருத்திக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். “எவ்வளவு கொடுக்கிறது?” என்று கேட்டால் போதாது, “எந்தச் சாலையில்?” என்றும் கேட்க வேண்டும்.